மைக்கு அடியில் ஒரு லிஃப்ட்

வோல்டேஜுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஏதாவது படிவம் நிரப்பும்போதுதான் அது அவருக்கே ஞாபகத்துக்கு வரும். நாற்பது வருடம் டிவி பழுது பார்த்தவர். எந்தப் பெட்டி வந்தாலும், பின்மூடியைக் கழற்றும் முன்பே, "வோல்டேஜ் பிரச்சினை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். பெட்டிக்குள் பல்லி செத்துக் கிடந்தாலும் அது வோல்டேஜால் செத்த பல்லிதான். அவர் கை பட்டுச் சரியாகாத டிவி உலகத்திலேயே கிடையாது. அப்படி ஒன்று இருந்தால், அது டிவியே இல்லை என்று நிரூபித்துவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் மூன்று நாளாகச் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். மேசை இழுப்பறைக்குள் இருந்த ஒரு தாள்தான் காரணம்.

அவர் குடியிருப்பது ஐந்து மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில். அவருடைய அக்கா இருப்பது அதே கட்டடத்தின் ஐந்தாவது மாடியில். மூன்று வாரத்துக்கு முன்னால் ஏதோ ஒரு எலி, அதற்கு வேறு தீனியே அகப்படாதது போல, லிஃப்ட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் புகுந்து நாற்பத்தெட்டு கம்பிகளையும் கடித்து அறுத்துப் போட்டுவிட்டது. நாற்பத்தெட்டும் கறுப்புக் கம்பி. எது எதோடு சேரவேண்டும் என்று சொல்ல ஆளில்லை. லிஃப்ட்டைச் செய்த கம்பெனியை மூடிப் பல காலம் ஆயிற்று. முப்பது வருடம் அதைக் கட்டி மேய்த்த அக்கா வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் போவதற்கு முன்னால், அத்தனை இணைப்பையும் பென்சிலால் ஒரு பெரிய தாளில் வரைந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அக்காவுக்கு முழங்கால் மடங்காது. லிஃப்ட் நின்ற நாளிலிருந்து அவள் தரையை மிதிக்கவில்லை. வெளியூரில் இருக்கும் மகன், "ஞாயித்துக்கிழமை வேன் எடுத்துட்டு வரேம்மா, நம்ம வீட்டுல கீழ் ரூமைக் காலி பண்ணியாச்சு" என்று போனில் சொல்லிவிட்டான். சனிக்கிழமை லிஃப்ட் ஆய்வாளர் வருகிறார். அதற்குள் ஓடினால் லிஃப்ட் பிழைக்கும். இல்லையென்றால் அவர் சீல் வைத்துவிட்டுப் போவார். அக்கா பெட்டி கட்டவேண்டியதுதான்.

"இதை நேரா மெக்கானிக் கையில கொடு. நடுவுல எங்கயும் நிக்காத" என்று சொல்லித்தான் அக்கா அந்தத் தாளைத் தம்பியிடம் கொடுத்தாள்.

தம்பி நின்றார். பென்சில் கோடு மங்கலாக இருக்கிறதே, பாவம் மெக்கானிக் கண்ணுக்குச் சிரமமாக இருக்குமே, பேனாவால் மேலே ஓட்டிக் கொடுத்துவிடலாமே என்று அவருக்குள் இருந்த நல்லவர் விழித்துக்கொண்டார். பரணிலிருந்து மைப்பேனாவை இறக்கினார். புது மை பாட்டில் வாங்கினார். மூடி இறுக்கமாக இருந்தது. பலம் கொடுத்துத் திருகினார். மூடி ஒரு கையில் இருந்தது, பாட்டில் இன்னொரு கையில் இருந்தது, மை மட்டும் எந்தக் கையிலும் இல்லை. நாற்பத்தெட்டு கம்பிகளும் ஒரு நீலக் கடலுக்குள் மூழ்கிவிட்டன.

அன்றிலிருந்து மெக்கானிக் தினமும் போன் செய்கிறார். அவர் வார்த்தைக்குக் காசு கேட்பவர் மாதிரி பேசுவார்.

"படம்?"

"ரெடி ஆயிட்டே இருக்கு."

"எப்போ?"

"வோல்டேஜ் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார். பென்சில் படத்துக்கு எதற்கு வோல்டேஜ் என்று மெக்கானிக் கேட்டதில்லை. கேட்டால் இரண்டு வார்த்தைக்கு மேல் ஆகும்.

புதன்கிழமை காலை வோல்டேஜின் மனைவி கடைக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ரிமோட் வேலை செய்யல. அதையாவது பாருங்க. மூணு நாளா அந்த டிராயரையே முறைச்சுட்டு இருக்கீங்க, அது பயந்துடப்போகுது" என்றாள்.

ரிமோட்டைச் சோதிக்க டிவி பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. அதன் மூக்கைக் கேமராவுக்கு நேராக நீட்டிப் பொத்தானை அழுத்தவேண்டும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம், கேமராவில் மங்கலான ஊதாப் புள்ளியாகத் தெரியும். தெரிந்தால் ரிமோட் உயிரோடு இருக்கிறது. வோல்டேஜ் தன் போனை நீட்டினார். ஒன்றும் தெரியவில்லை. புதுப் போன்; அகச்சிவப்பை அது உள்ளேயே விடாது. கடையை மூடியபோது விற்காமல் மிஞ்சிய பதினொரு மலிவு வெப்கேம்கள் ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்தன. ஒன்றை எடுத்து மடிக்கணினியில் செருகினார். புள்ளி தெரிந்தது. ஆனால் எறும்புக்கண் அளவு.

மனம் சரியில்லாத சமயத்தில் சிலர் கோயிலுக்குப் போவார்கள். வோல்டேஜ் எதையாவது கழற்றுவார். அகச்சிவப்பை மறிக்கிறது என்றால் உள்ளே மறிக்கிற பொருள் ஒன்று இருக்கவேண்டுமே! திருகாணியைக் கழற்றினார். லென்ஸ், பாட்டில் மூடி மாதிரி மரையோடு திரும்பி வெளியே வந்தது. அதன் முதுகில், அரிசியைவிடச் சற்றே பெரிதாக, சிவந்து மினுங்கும் ஒரு சதுரக் கண்ணாடி ஒட்டியிருந்தது. ஊசியால் நெம்பினார். கண்ணாடியோடு லென்ஸும் உடைந்தது. இரண்டாவது கேமராவில் லென்ஸைக் கீறினார். மூன்றாவதில் எல்லாம் சரியாக வந்த நேரத்தில் ஒரு தும்மல் வந்தது; லென்ஸ் எந்தத் திசையில் போனது என்று இன்றுவரை துப்புக் கிடைக்கவில்லை. நான்காவதில் கண்ணாடி மட்டும் அலுங்காமல் கழன்று, சமர்த்தாக அவர் விரல் நுனியில் வந்து உட்கார்ந்தது.

மூடிப் பொருத்தி ரிமோட்டை அழுத்தினார். திரையில் சூரியன் உதித்தது மாதிரி ஒரு வெளிச்சம்! மனிதர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டார். ரிமோட்டுக்கு ஒன்றுமில்லை, டிவிக்குத்தான் பிளக் கழன்றிருந்தது. அது அவருக்கு அப்போது முக்கியமாகப் படவில்லை. கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

எதிர் வரிசையில் மட்டும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் ஒரு பெண்மணி கையில் பையோடு வந்துகொண்டிருந்தாள். நடை அவர் மனைவியின் நடை. பையும் வீட்டுப் பைதான். ஆனால் காலையில் கறுப்புப் புடவையில் போனவள், திரையில் வெளிறிய செந்நிறப் புடவையில் வந்துகொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நேரே பார்த்தார்: கறுப்பு. திரையில் பார்த்தார்: செந்நிறம்.

அவள் உள்ளே நுழைந்ததும், "நீ வழியில புடவை மாத்தினியா?" என்று கேட்டார்.

அவள் பையைக் கீழே வைத்தாள். "ஆமா. நடுரோட்டுல ரெண்டு தடவை மாத்தினேன். நீங்க காலைல மருந்து சாப்பிட்டீங்களா இல்லையா?"

அவர் பதிந்த படத்தைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். இருபத்து இரண்டு வருடம் போட்டோ லேபில் இருட்டறையில் வேலை பார்த்தவள். படம் என்றால் விளையாட்டாகப் பார்க்கமாட்டாள்.

"குடை கறுப்பாத்தான் இருக்கு. செருப்பும் கறுப்புதான். புடவை மட்டும் ஏன் இப்படி?"

"அந்தச் சாயத்தை அகச்சிவப்பு மதிக்கல. ஊடுருவிப் போய்ட்டு வருது."

"எல்லாச் சாயத்தையுமா?"

"சிலதை."

அவள் நிமிர்ந்தாள். "பேனா மையும் சாயம்தானே?"

வோல்டேஜ் வாயைத் திறந்தார்.

"பென்சில் கரி. கரி சாயம் இல்ல" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, இன்னும் வாயைத் திறந்துட்டு நிக்கிறீங்க? தாளை எடுங்க!"

தாளை ஜன்னலோரம் விரித்துக் கேமராவை நீட்டினார்கள். நீலக்கடல் கொஞ்சம் ஊதாக்கடலாக மாறியது. அவ்வளவுதான். உருவமும் கலங்கித் தெரிந்தது. கண்ணாடி போனதால் குவியம் நகர்ந்துவிட்டது என்று லென்ஸை ஒரு மயிரிழை திருகியதும், கடல் மிகத் தெளிவான கடலாகத் தெரிந்தது.

"சாதா வெளிச்சமும் கூடவே உள்ள வருதுல்ல, அதான்" என்றாள் மனைவி. "அதை மறிச்சுட்டு இதை மட்டும் விடணும்."

"அதுக்குத் தனியா ஃபில்டர் இருக்கு. வரவழைக்கப் பத்து நாள் ஆகும்."

அவள் உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் கையில், அவர்களுடைய கல்யாண நெகட்டிவ் சுருள் இருந்தது. அதை அவள் யாரையும் தொடவிட்டதில்லை. கணவரை எப்போதுமே விட்டதில்லை.

"ஃபிலிமைக் கேமராவுல மாட்டும்போது முதல் ஒரு சாண் வெளிச்சம் பட்டு வீணாப் போகும். கழுவினா அது கன்னங்கரேல்னு ஆயிடும். லேப்ல நாங்க அதைக் கண்ணுல வச்சு எரியற பல்பைப் பாப்போம், உள்ள இருக்கிற கம்பி மட்டும் சிவப்பா தெரியும்." கத்தரியால் நறுக்கென்று கறுப்பு முனையை வெட்டினாள். "கலர் ஃபிலிம்ல இந்தக் கறுப்பும் சாயம்தான். அகச்சிவப்பு இதையும் மதிக்காது."

"நம்ம கல்யாண ஃபிலிம்..."

"இந்தத் துண்டுல நீங்க இல்ல. அதனாலதான் தைரியமா வெட்டினேன்."

இரண்டு சின்னச் சதுரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, கண்ணாடி இருந்த இடத்தில் பொருத்தினார்கள். கேமராவைச் செருகினார்கள். திரை முழுக்க இருட்டு. டியூப்லைட்டைப் போட்டார்கள். அப்போதும் இருட்டு. வோல்டேஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"கொன்னுட்டேன். கேமராவையும் கொன்னுட்டேன். அக்கா ஞாயித்துக்கிழமை வேன்ல போகப்போறா, நான் தெருமுனையில நின்னு கையாட்டப்போறேன்."

மனைவி ரிமோட்டை எடுத்து, கேமராவுக்கு நேரே நீட்டி அழுத்தினாள். இருட்டுக்குள் ஒரு வெள்ளைத் தீப்பந்தம் எரிந்தது.

"கேமரா சாகலங்க. நம்ம வீட்டுலதான் வெளிச்சம் இல்ல. இந்த எல்.இ.டி. லைட்டு கண்ணுக்குத் தெரியறதை மட்டும்தான் கொடுக்குது. பழைய பல்பு ஒண்ணாவது வச்சிருக்கீங்களா?"

"கரன்ட் மிச்சம்னு எல்லாத்தையும் மாத்தினது நீதான்."

"அப்ப வெயில்தான் வேணும்."

ஜன்னலில் பிடித்துப் பார்த்தார்கள்; சாம்பல் மூட்டம்தான் வந்தது. தரைத்தளத்துக்கு நேர்வெயில் வருவதேயில்லை. மடிக்கணினியின் பேட்டரியோ கடைக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. சுவரோடு கட்டிப்போட்டால்தான் உயிர் இருக்கும். வெயிலும் பிளக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஒரே இடம் அந்தக் கட்டடத்தில் எது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஐந்தாவது மாடி, அக்காவின் பால்கனி.

"எதிர்க் கடையில கேட்டுப் பாக்கலாமே" என்றார் வோல்டேஜ், ஈனஸ்வரத்தில்.

"கேளுங்க. கூட்டம் கூடும். நீங்க மை கொட்டின சேதி உங்களுக்கு முன்னாடி படியேறிப் போகும். அண்ணி உங்க வாயால கேட்கட்டும்."

படிகள் நூற்றுப் பத்து. பிற்பாடு வோல்டேஜ் சொன்ன கணக்கில் முந்நூற்று நாற்பது. மடிக்கணினியைக் குழந்தை மாதிரி மார்பில் அணைத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு மாடியிலும் நின்றார், மூச்சுக்குப் பாதி, பயத்துக்குப் பாதி. அக்கா பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து, இறங்கிப் போகமுடியாத தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அத்தான் வரைஞ்ச படத்துல மை கொட்டிடுச்சு."

அக்கா திரும்பவில்லை. "தானா கொட்டிச்சா?"

"இல்ல."

"பூனையா?"

"நம்ம வீட்டுல பூனை இல்லக்கா."

"அதான் கேட்டேன்." இப்போது திரும்பினாள். தாளை வாங்கி மடியில் விரித்தாள். நீலத்தின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தடவை தடவினாள். "நடுவுல எங்கயும் நிக்காதன்னு சொன்னேன்டா. சரி. மேல இருக்கிற சூட்கேஸை இறக்கு. எப்படியும் ஏறி வந்துட்ட."

திட்டியிருந்தால் வோல்டேஜ் தாங்கியிருப்பார். இதற்குத் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சூட்கேஸ் பக்கம் திரும்பாமல், பிளக்கைத் தேடினார்.

"அண்ணி, ரெண்டு நிமிஷம் அந்தத் தாளை வெயில்ல பிடிங்க" என்றாள் மனைவி.

அக்கா பிடித்தாள். திரை மினுக்கியது. முதலில் வானம் கறுப்பாக, தெருமுனை மரம் வெண்பனி கொட்டியது போல வெள்ளையாகத் தெரிந்தது. வோல்டேஜ் கேமராவைத் தாளுக்கு இறக்கினார்.

மை இல்லை.

ஒரு பாட்டில் மை, மூன்று நாள் தூக்கம், ஒரு மனிதனின் நாற்பது வருடப் பேர், எல்லாவற்றையும் குடித்த அந்த நீலம் திரையில் ஒரு துளிகூட இல்லை. வெள்ளைத் தாள். அதன் மேல் பளிச்சென்று பென்சில் கோடுகள், நேற்றுச் சீவின பென்சிலால் இன்று காலையில் போட்ட மாதிரி. நேரே பார்த்தால் கடல், திரையில் பார்த்தால் லிஃப்ட்!

வோல்டேஜ் போட்ட கூச்சலில் கீழ்மாடியில் இரண்டு ஜன்னல்கள் திறந்துகொண்டன. மனைவி அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், அது பாராட்டு. அக்கா மட்டும் சத்தமே போடாமல் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"அவர் கையெழுத்து" என்றாள்.

கையெழுத்துதான் அடுத்த சிக்கலாக வந்து நின்றது. கோடு தெரிந்தது; எழுதியிருந்தது புரியவில்லை. "இது பதினொண்ணா, எழுபத்தொண்ணா? கம்பியே நாற்பத்தெட்டுதானே?" என்று திணறினார் வோல்டேஜ்.

"பதினேழுடா மடையா. அவர் ஏழுக்குக் கொம்பு வைக்கமாட்டார், ஒண்ணுக்குத்தான் வைப்பார். முப்பது வருஷம் அவர் எழுதின மளிகைச் சீட்டைப் படிச்சவ நான். ஒரு தடவை ஏழு கிலோ சோப்பு வந்து இறங்குச்சு." அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ம், எழுதிக்கோம்மா. பதினேழு, க.மூ. கதவு மூடினா. பதினெட்டு, நி.பொ. நிறுத்தற பொத்தான். பத்தொன்பது, தா.வே..."

"தா.வே.ன்னா?" என்று கேட்டாள் மனைவி.

"தாமதமா வேலை செய்யும். என்னையும் அப்படித்தான் சொல்லுவார்."

அக்கா படிக்க, மனைவி எழுத, வோல்டேஜ் கேமராவை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். முப்பத்தொன்றாவது கம்பி வரும்போது வெயில் பால்கனியை விட்டு நகரத் தொடங்கியது. மேசையை நகர்த்தினார்கள். நாற்பதில் நாற்காலிகள் சுவரோடு ஒட்டின. நாற்பத்தைந்தில் வெயில் கைப்பிடிச் சுவரின் மேல் நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் மிஞ்சியது. தாளை அந்த நான்கு விரலில் அழுத்திப் பிடித்து, வோல்டேஜ் பாதி உடம்பு வெளியே தொங்க, மனைவி அவர் பெல்ட்டைப் பிடித்திருந்தாள். பெல்ட் மட்டும் அறுந்திருந்தால் இந்தக் கதையை எழுத ஆளிருந்திருக்கும், கேட்க அவர் இருந்திருக்கமாட்டார்.

"நாற்பத்தேழு, மேல் எல்லை. நாற்பத்தெட்டு, பூமி. அவ்வளவுதான்... இரு, ஓரத்துல இன்னும் ஒண்ணு எழுதியிருக்கார்." அக்கா கண்ணை இடுக்கிக்கொண்டு, இணைப்பு விவரம் படிக்கும் அதே குரலில் படித்தாள். "'என் மச்சினனை இந்தப் பெட்டிகிட்ட விடாதே.'"

பிறகு அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். மூன்று வாரச் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மனைவி சிரித்த சிரிப்பில் பெல்ட்டின் பிடி தளர, வோல்டேஜ் தானே சுவரைப் பிடித்து உள்ளே ஏறிக்கொண்டார்.

"அதையும் எழுதவா அண்ணி?"

"முதல் வரியா எழுது. அடிக்கோடு போடு."

வியாழக்கிழமை காலையில் மெக்கானிக் பட்டியலை வாங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை விரல் வைத்து நிதானமாகப் படித்தார்.

"யார் எழுதினது?"

வோல்டேஜ் இதற்காகவே முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தார். அகச்சிவப்பு என்றால் என்ன, கேமராவுக்குள் ஏன் கண்ணாடி வைக்கிறார்கள், சாயத்துக்கும் கரிக்கும் என்ன வித்தியாசம் என்று ஆரம்பித்து, தும்மல் கட்டம் வரை வந்துவிட்டார்.

"சரி" என்றார் மெக்கானிக். பட்டியலின் முதல் வரியை மறுபடி படித்துவிட்டு, வோல்டேஜை ஏற இறங்கப் பார்த்தார். "வெளியே நில்லுங்க."

வோல்டேஜ் மோட்டார் அறைக்கு வெளியே இரண்டு நாள் நின்றார். வெள்ளிக்கிழமை மாலை உள்ளேயிருந்து நாற்பத்தெட்டு தாளம் ஒன்றாகச் சேர்ந்தது மாதிரி கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. பெருமூச்சு விட்டுக்கொண்டு எங்கோ ஆழத்தில் பெட்டி நகர்ந்தது. சனிக்கிழமை ஆய்வாளர் வந்தார். ஏறினார், இறங்கினார், கதவில் கைவைத்து நிறுத்திப் பார்த்தார், நடுவழியில் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தார். பழசு, ஆனால் பழுதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா பதினைந்து நிமிடமாகவே தலைவாரி, கைப்பையோடு ஐந்தாவது மாடி லிஃப்ட் வாசலில் தயாராக நின்றிருந்தாள். கதவு திறந்ததும் ஏறி நடுவில் நின்றாள். கூட ஏறப்போன தம்பியைக் கைநீட்டித் தடுத்தாள்.

"படியில வா. எழுதி வச்சிருக்குல்ல?"

வோல்டேஜ் நூற்றுப் பத்து படியையும் இறங்கினார். இல்லை, பறந்தார், கால் ஒன்றுகூடத் தரையில் பட்டதாக அவர் ஒப்புக்கொள்வதில்லை. அவர் கீழே வருவதற்குள் அக்கா கட்டடத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர் வரிசை வெயிலில் நடந்துகொண்டிருந்தாள். முழங்கால் மடங்காத அந்த நடையிலேயே ஒரு கடை, இரண்டு கடை, மூன்றாவது கடை என்று நின்று நின்று, எல்லாரிடமும் ஏதோ கேட்டு, ஒன்றும் வாங்காமல் போய்க்கொண்டிருந்தாள். வோல்டேஜும் மனைவியும் பின்னாலேயே ஓடினார்கள்.

தெருமுனையில் அவள் கைப்பைக்குள் போன் அடித்தது. மகன். வேன் ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டிருப்பான் போல.

"வேனா? யாரை ஏத்திட்டுப் போக?" அக்கா போனைக் காதில் அழுத்திக்கொண்டு சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "நான் வீட்டுல இல்லடா. வெளியே சுத்திட்டு இருக்கேன். சாயங்காலமா கூப்பிடு. அப்பவும் இருப்பேனான்னு தெரியல."